அஜாமிளனும் அட்மின்களும்

ஆளே இல்லாத ஒரு குழுவுக்கு முழு அதிகாரத்தையும் முன்கூட்டியே எழுதிவைத்திருந்தது ஒரு மென்பொருள். இன்ன பெயரில் ஒரு குழு என்றைக்காவது உண்டானால், அதில் இருக்கும் எவரும் தனக்கு எசமானர் என்பது அதன் விதி. குழுவை உண்டாக்கியது யார், எதற்கு, நேற்றுவரை அது எங்கே இருந்தது என்றெல்லாம் அது கேட்காது. 2024 ஜூலை 29 அன்று மைக்ரோசாஃப்டின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இதை விளக்கி எழுதியபோது, பணம் பறிக்கும் கும்பல்கள் ஏற்கெனவே இந்த வழியாக உள்ளே போய்வந்துகொண்டிருந்தன. சிவிஇ-2024-37085 என்பது அந்த ஓட்டைக்கு இட்ட எண்.

சர்வர்களைக் கட்டி மேய்ப்பதுதான் எனக்குப் பிழைப்பு. ஓட்டை அறிவிப்புகள் ஓயாமல் வரும். படிப்பேன், நம்மிடத்தில் இது உண்டா என்று பார்ப்பேன், பேட்ச் போடுவேன், அடுத்ததற்குப் போய்விடுவேன். இந்த ஒன்று மட்டும் வேலை முடிந்த பிறகும் மனசைவிட்டு இறங்கவில்லை. அதற்குக் காரணம் என் அப்பத்தா. அவளிடம் வருவதற்கு முன்னால் சங்கதி என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

ஒரு பெரிய சர்வரில் விஎம்வேர் நிறுவனத்தின் ஈஎஸ்எக்ஸ்ஐ என்கிற ஹைப்பர்வைசரை நிறுவினால், அந்த ஒரே இயந்திரத்துக்குள் பல கணினிகள் தனித்தனியாக ஓடும். சம்பளக் கணக்கு ஒன்றில், மின்னஞ்சல் ஒன்றில், கிடங்கு இருப்பு இன்னொன்றில். ஒவ்வொன்றும் தனிக் கணினி போலவே நடந்துகொள்ளும். உள்ளே இருப்பதற்கு எவ்வளவு கெட்டியான பாஸ்வேர்டு வைத்தாலும், அடியில் இருக்கும் ஹைப்பர்வைசர் கைமாறினால் எல்லாம் கைமாறியதாகத்தான் அர்த்தம். அங்கிருந்து பார்க்கும்போது அந்தக் கணினிகளின் வட்டுகள் வெறும் கோப்புகள். கோப்புகளைப் பூட்டிவிட்டால் மேலே ஓடிக்கொண்டிருந்த அத்தனையும் ஒரே நேரத்தில் படுத்துவிடும். ரான்சம்வேர் கும்பல்கள் ஹைப்பர்வைசரைத் தேடி வருவது அதனால்தான்.

பெரிய அலுவலகங்களில் யார் பணியாளர், யார் எந்தக் குழுவில் இருக்கிறார் என்பதையெல்லாம் ஆக்டிவ் டைரக்டரி என்ற பதிவேட்டில் வைத்திருப்பார்கள். ஹைப்பர்வைசரை அதனோடு இணைத்துவிட்டால் அதற்கென்று தனியாகக் கணக்குகள் வைத்து மாரடிக்க வேண்டாம். 2010-இல் வந்த 4.1 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. கூடவே இன்னொரு சௌகரியமும் செய்துகொடுத்தார்கள். பதிவேட்டில் 'ஈஎஸ்எக்ஸ் அட்மின்ஸ்' என்ற பெயரில் ஒரு குழு இருந்தால், அதிலுள்ளவர்களுக்கு முழு நிர்வாக அதிகாரம் தானாகவே வந்துவிடும். அப்படி ஒரு குழு ஆக்டிவ் டைரக்டரியில் இயல்பாக இருப்பதில்லை. வேண்டுகிறவர்கள் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். உண்டாக்காத இடங்களில் குழு இல்லை. ஆனால் அந்தப் பெயர் வருமா வருமா என்ற காத்திருப்பு மட்டும் ஹைப்பர்வைசருக்குள் இருந்துகொண்டே இருந்தது. இதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. கையேட்டில் அச்சிட்டுக் கொடுத்திருந்தார்கள்.

கும்பல்காரர்களுக்கு இரண்டு வரிக் கட்டளை போதுமாக இருந்தது. முதல் வரியில் குழுவை உண்டாக்கினார்கள். இரண்டாம் வரியில் தங்கள் கையில் சிக்கியிருந்த ஒரு கணக்கை அதில் சேர்த்தார்கள். அவ்வளவுதான், ஹைப்பர்வைசர் வழிவிட்டது. ஏற்கெனவே உள்ள வேறொரு குழுவின் பெயரை மாற்றி இப்படி வைத்தாலும் இதே பலன் கிடைக்கும் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். நிர்வாகி விழித்துக்கொண்டு, 'இனி இந்த வேலைக்கு வேறு குழு' என்று நியமித்தாலும், பழைய பெயரில் வந்தவர்களின் அதிகாரம் உடனே போய்விடவில்லை என்பது மூன்றாவது கண்டுபிடிப்பு.

ஆக்டிவ் டைரக்டரியில் ஒவ்வொரு குழுவுக்கும் எஸ்ஐடி என்று ஒரு அடையாள எண் உண்டு. பெயரை எத்தனை முறை மாற்றினாலும் எண் மாறாது. குழுவை அழித்துவிட்டு அதே பெயரில் மறுபடி உண்டாக்கினால் எண் வேறாகிவிடும். ஆளை அறிய அந்த எண்ணைத்தான் பார்த்திருக்க வேண்டும். ஹைப்பர்வைசர் பெயரைப் பார்த்தது.

பெயருக்கும் பொருளுக்கும் என்ன உறவு என்பது நம் தத்துவக்காரர்கள் நூற்றாண்டுக் கணக்கில் நடத்திய வழக்கு. மீமாம்சகர்களின் கட்சி, சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு ஒருவரும் ஏற்படுத்தாதது, என்றும் உள்ளது என்பது. ஜைமினி தன் சூத்திரங்களின் தொடக்கத்திலேயே இதை நாட்டிவிடுகிறார். வேதத்துக்கு ஆசிரியர் இல்லை என்று சொல்ல அவருக்கு இது தேவைப்பட்டது. நையாயிகர்கள் ஒப்பவில்லை. இந்தச் சொல் இந்தப் பொருளைக் குறிக்கட்டும் என்று செய்துகொண்ட ஏற்பாடுதான் அது என்றார்கள். ஏற்பாடு என்றால் ஏற்படுத்தியவர் ஒருவர் இருப்பார். இது சரிதானா என்று கேட்க இடம் உண்டு. இந்த மென்பொருளை எழுதியவர்கள் இரண்டு கட்சியிலும் கால் வைத்திருக்கிறார்கள். இந்தப் பெயர் என்றால் நிர்வாகிகள் என்று உட்கார்ந்து பேசி முடிவுசெய்தது நையாயிகர் வேலை. அதன்பின் அந்தப் பெயர் காதில் விழுந்தாலே பொருளும் கூடவே வந்திருக்கும் என்று இயந்திரத்தை நம்பவைத்தது மீமாம்சகர் வேலை.

இனி அப்பத்தா. எங்கள் ஊர் திருக்கோட்டியூருக்குப் பக்கம். அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது. மார்கழி பஜனையிலும் புரட்டாசிச் சனிக்கிழமைகளிலும் காதால் கேட்டதுதான் அவள் படிப்பு. எனக்கு நாராயணன் என்று பெயர் வைத்தது அவள்தான். அதில் பக்தி பாதி, கணக்கு பாதி. பிள்ளைகளுக்குப் பெருமாள் பெயரை வையுங்கள், அப்படி வைத்த தாய் நரகத்துக்குப் போகமாட்டாள் என்று பெரியாழ்வார் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். தாய்க்குச் சொன்னது அப்பத்தாவுக்கும் பொருந்தும் என்பது அவளாகச் செய்துகொண்ட வியாக்கியானம். "எங்கடா போய்த் தொலைஞ்ச நாராயணா" என்று அவள் கத்தும்போது எனக்கு வசவு, அவளுக்குப் புண்ணியம். மாட்டுக்குத் தண்ணி காட்டாத நாளில் அவளுக்குப் புண்ணியம் கொஞ்சம் கூடுதலாகவே சேர்ந்தது.

இந்த நம்பிக்கைக்கு அவளிடம் இருந்த சான்று அஜாமிளன் கதை. பாகவதத்தின் ஆறாம் ஸ்கந்தத்தில் வருகிறது. கன்னியாகுப்ஜத்தில் ஒரு பிராமணன். கட்டிய மனைவியைக் கைவிட்டு, சூதாடி, ஏமாற்றி, திருடிப் பிழைத்தவன். பத்துப் பிள்ளைகள். கடைக்குட்டிக்கு நாராயணன் என்று பெயர். அவன்மேல் அப்பனுக்குக் கொள்ளைப் பிரியம். சாகும் நேரத்தில் மூன்று எமதூதர்கள் பாசக் கயிற்றோடு வந்து நிற்கிறார்கள். பயத்தில் அஜாமிளன் தூரத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையை, "நாராயணா" என்று கூப்பிடுகிறான். அந்தக் குரலுக்கு விஷ்ணுதூதர்கள் வந்துவிடுகிறார்கள். எமதூதர்களை நிறுத்திக் கயிற்றை அவிழ்க்கச் சொல்கிறார்கள்.

அவன் கூப்பிட்டது பெருமாளை இல்லை, பிள்ளையை. எமதூதர்கள் விடுவார்களா? அவன் செய்ததை எல்லாம் எடுத்து வைக்கிறார்கள். சூரியன், சந்திரன், நெருப்பு, காற்று, இரவு, பகல், திசைகள் என்று சாட்சிகளின் நீண்ட பட்டியல் ஒன்றையும் சொல்கிறார்கள். என் தொழிலில் இதற்கு லாக் என்று பெயர். அவர்கள் தரப்பில் லாக் முழுசாக இருக்கிறது. விஷ்ணுதூதர்களின் பதில் வேறு தளத்தில் வருகிறது. வேறு ஒன்றைக் குறித்துச் சொன்னாலும், கேலியாகச் சொன்னாலும், அலட்சியமாகச் சொன்னாலும் அந்தத் திருநாமம் வேலை செய்யும் என்கிறார்கள். சொன்னவனின் நோக்கம் அங்கே கணக்கில் வரவில்லை.

சின்ன வயதில் இந்தக் கதை எனக்கு ஆறுதலாக இருந்தது. சர்வர் வேலைக்கு வந்த பிறகு உறுத்த ஆரம்பித்தது. பெயர் ஒன்றைச் சுட்டியது, திறந்தது வேறொரு கதவு. கேட்டவர் யார் என்று ஒருவரும் பார்க்கவில்லை. 37085-இல் நடந்ததும் இதே மாதிரிதானே? ஒன்றை நாங்கள் ஓட்டை என்று அடைக்கிறோம். இன்னொன்றை அருள் என்று கும்பிடுகிறோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நாம் பழகிப்போனதால் வந்ததா, அல்லது உண்மையிலேயே ஒன்று இருக்கிறதா? இந்தக் கேள்விதான் பேட்ச் போட்ட பிறகும் என்னை விடவில்லை.

எங்கள் டீமில் நாசரேத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் இருக்கமாட்டார். அவர்கள் பக்கத்தில் சர்ச்சுக்குக் கோயில் என்றுதான் சொல்வார்கள். நைட் ஷிஃப்டில் அவரிடம் அஜாமிளன் கதையைச் சொன்னேன். "எங்கள்ட்ட இதுக்கு நேர் எதிரா ஒண்ணு இருக்குண்ணே" என்றார்.

அப்போஸ்தலர் நடபடிகள் பத்தொன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது அது. எபேசு நகரம். பவுல் இயேசுவின் பெயரால் நோயைத் தீர்க்கிறார், பேய் ஓட்டுகிறார். இதைப் பார்த்த வேறு சிலர், அந்தப் பெயரைத் தாங்களும் சொல்லிப் பார்க்கலாமே என்று கிளம்புகிறார்கள். அவர்களில் ஸ்கேவா என்ற பிரதான ஆசாரியனின் மகன்கள் ஏழு பேர். பேய் பிடித்த ஒருவன் முன்னால் நின்று, பவுல் பிரசங்கிக்கிற இயேசுவின் பெயரைச் சொல்லிக் கட்டளையிடுகிறார்கள். அந்த ஆவி, இயேசுவைத் தனக்குத் தெரியும், பவுலையும் தெரியும் என்று ஒப்புக்கொண்டு, நீங்கள் யார் என்று கேட்கிறது. பிறகு அந்த மனிதன் அவர்கள்மேல் பாய்ந்து புரட்டி எடுக்கிறான். காயத்தோடும் துணியில்லாமலும் அந்த வீட்டைவிட்டு ஓடுகிறார்கள். கதையை முடித்துவிட்டு நண்பர் சொன்னார்: "பேய் எஸ்ஐடி பாத்திருக்குண்ணே."

சிரித்து முடித்த பிறகும் எனக்கு யோசனை ஓடியது. ஒரு கதையில் பெயரைத் தெரியாமல் சொன்னவனுக்கும் கதவு திறக்கிறது. இன்னொன்றில் தெரிந்தே, சரியாக உச்சரித்துச் சொன்னவர்களுக்கு அடி விழுகிறது. இது வைணவத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் உள்ள வேற்றுமை என்று விட்டுவிடலாம். ஆனால் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற எவரும் காப்பாற்றப்படுவார் என்ற நம்பிக்கை கிறிஸ்தவத்திலும் உண்டு. அதே நடபடிகள் புத்தகத்தில், பேதுருவின் பிரசங்கத்திலேயே வருகிறது. ஆகவே வித்தியாசம் மதத்தில் இல்லை. என்ன கேட்டார்கள் என்பதில் இருக்கிறது.

அஜாமிளன் கேட்டது தனக்கு ஒரு துணை. ஸ்கேவாவின் மகன்கள் கேட்டது இன்னொன்றின் மேல் ஆணை. அஜாமிளனுக்குக் கதவு திறந்ததால் அவன் மட்டும்தான் உள்ளே போனான். ஒருவருடைய சொத்தும் உடம்பும் அவன் கைக்கு வரவில்லை. ஸ்கேவாவின் மகன்களுக்குத் திறந்திருந்தால், அந்தப் பெயரைச் சொல்லி ஊரில் யாரை வேண்டுமானாலும் அடக்கலாம் என்றாகியிருக்கும்.

நம் கல்யாண மண்டபங்களில் இது தினமும் நடக்கிறது. பந்தியில் போய் உட்கார, மாப்பிள்ளை வீடு என்று ஒரு வார்த்தை போதும். சொல்லாவிட்டாலும் இலை போட்டுவிடுவார்கள். தெரியாத முகம் ஒன்று சாப்பிட்டுப் போவதை எந்த நல்ல குடும்பமும் நஷ்டமாக எழுதிக்கொள்வதில்லை. அதே ஆள் அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு நகை வைத்த அறைப் பக்கம் போகட்டும், சின்ன மாமா குறுக்கே வந்து நிற்பார். பந்தியில் கேட்காததும் அறை வாசலில் கேட்பதும் ஒரே வீட்டின் பண்புதான்.

சிலர் அஜாமிளன் கதையை, அந்தப் பெயரைச் சொன்னதும் அவன் வைகுண்டம் போய்ச்சேர்ந்தான் என்பதோடு முடித்துவிடுவார்கள். பாகவதத்தில் அப்படி இல்லை. விஷ்ணுதூதர்கள் மறைந்ததும் அவன் எழுந்து உட்கார்கிறான். நடந்த வாதம் முழுக்க அவன் காதில் விழுந்திருக்கிறது. தன் வாழ்க்கையை நினைத்து நொந்து, வீட்டைவிட்டு கங்காத்துவாரத்துக்கு, இன்றைய ஹரித்வாருக்கு, போகிறான். அங்கே தவம் இருந்து உடலை விட்ட பிறகுதான் அவனை அழைத்துப்போக வருகிறார்கள். பெயர் அவனுக்கு வாங்கிக் கொடுத்தது அவகாசம். மிச்சத்தை அவனே சம்பாதிக்க வேண்டியிருந்தது.

இங்கே எனக்கு ஒரு சங்கடம் உண்டு. அஜாமிளனிடம் சூதில் தோற்றவர்கள், அவன் திருடிய வீட்டுக்காரர்கள், அவன் கைவிட்ட மனைவி ஆகியோர் என்ன ஆனார்கள்? அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால், அவனுக்குக் கிடைத்த அருள் தங்கள் வழக்கைத் தள்ளுபடி செய்தது போல இருக்காதா? இதை அப்பத்தாவிடம் கேட்டேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை. "அவன் உசுரைத்தான்டா பெருமாளு விட்டாரு. திருடுனதை வச்சுக்கன்னா சொன்னாரு?" என்றாள். மன்னிப்பு ஒன்று, திருப்பிக் கொடுப்பது வேறொன்று என்று அவள் பிரித்துவிட்டாள். பாகவதம் அந்தக் கடனைப் பற்றிப் பேசுவதில்லை. அப்பத்தாவின் பதில் எனக்குப் பாதிதான் போதுமானது. கைவிடப்பட்ட அந்த மனைவிக்கு ஒரு விஷ்ணுதூதர் வந்திருந்தால் மீதியும் போதுமானதாகியிருக்கும்.

ஆனாலும் அவள் பிரித்த விதம் சரி என்றுதான் படுகிறது. தனக்காகக் கேட்பவனிடம் தகுதி கேட்கத் தேவையில்லை. மற்றவர்மேல் அதிகாரம் கேட்பவனிடம் கேட்டே ஆக வேண்டும். இதை என்னைவிட நன்றாக அறிந்து நடத்திக் காட்டியவர் எங்கள் ஊர்ப்பக்கம் வந்துபோனவர்தான்.

திருக்கோட்டியூர் நம்பியிடம் மந்திரத்தின் ரகசியப் பொருள் கேட்க ராமானுஜர் திருவரங்கத்திலிருந்து 18 முறை நடந்து வந்தார் என்பது குருபரம்பரைக் கதை. ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினார் நம்பி. கடைசியில் சொன்னபோதும், தகுதி பார்க்காமல் வெளியே சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் சொன்னார். ராமானுஜர் ஆசையுள்ளவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னார் என்பது வழக்கில் உள்ள கதை. சௌமிய நாராயணப் பெருமாள் கோயிலில் இன்றும் இடத்தைக் காட்டுகிறார்கள். குருவின் சொல்லை மீறினால் நரகம் என்று நம்பி கோபித்தார். இத்தனை பேர் கரையேறினால் நான் ஒருவன் அங்கே போவதில் தவறில்லை என்றார் இவர். நம்பி அவரை எம்பெருமானார் என்று கட்டிக்கொண்டார்.

இதோடு நிறுத்திவிட்டால், ராமானுஜர் கதவுகளுக்கே விரோதி என்று தோன்றிவிடும். திருவரங்கம் கோயிலின் நிர்வாக வரலாற்றைச் சொல்லும் கோயிலொழுகை எடுத்துப் பார்த்தால் வேறொரு ராமானுஜர் தெரிகிறார். பெரிய கோயில் நம்பியிடம் இருந்த கோயில் பொறுப்பும் சாவியும் தன்னிடம் வந்த பிறகு, கைங்கரியக்காரர்களைக் கொத்துகளாகப் பிரித்து, எந்தக் கொத்துக்கு எந்தப் பணி என்று வகுத்துவைத்தவர் அவர். இன்னது செய்யும் கொத்து இன்னதைச் செய்யாது. எங்கள் தொழிலில் பதவிக்கேற்ற அனுமதி என்று வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுக்கும் விஷயம் இதுதான். மந்திரத்துக்குக் காவல் வேண்டாம் என்றவரும், பொறுப்புகளுக்கு எல்லை போட்டவரும் ஒரே மனிதர். இதில் எனக்கு முரண்பாடு தெரியவில்லை. மந்திரம் எத்தனை பேர் கைக்குப் போனாலும் குறையாது, யாரையும் காயப்படுத்தாது. சாவி அப்படிப்பட்டதில்லை.

நாம்தான் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டோம். ராமானுஜருக்குப் பிறகும் பல நூற்றாண்டுகள், அருள் கேட்டு வந்தவனைக் கோயில் வாசலில் நிறுத்தி என்ன சாதி என்று கேட்டோம். அவன் பிறப்பில் ஒட்டிய பெயரைப் பார்த்தோமே தவிர, ஆளைப் பார்க்கவில்லை. 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாதய்யர் பட்டியல் சாதியினரையும் நாடார் சமூகத்தவரையும் அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனதும், பிறகு அதற்குச் சென்னை மாகாண அரசு சட்டப் பாதுகாப்பு தந்ததும் நாம் பாராட்டிக்கொள்ளும் வரலாறு. அதுவரை அங்கே காவல் நின்றது எந்த நியாயத்தில் என்று கேட்டால் பாராட்டுக் குறைந்துவிடும். அதே சமயம், அதிகாரம் இருக்கும் வாசல்களில் பெயருக்கு எப்போதும் வழி உண்டு. இன்னாருடைய பையன், இன்னாருடைய ஆள் என்றால் தாலுகா ஆபீசிலும் எழுந்து நிற்கிறார்கள். பந்தியில் ஆளைக் கிளப்பிவிட்டு நகை அறையைத் திறந்துபோட்ட குடும்பம் நம்முடையது.

இப்போது 37085-க்கு எதிர்வாதம் ஒன்றையும் கேட்க வேண்டும். விஎம்வேரை 2023-இல் வாங்கிய பிராட்காம், 2024 ஜூன் 25 அன்று வெளியிட்ட அறிக்கையில் இந்த ஓட்டைக்கு 10-க்கு 6.8 மதிப்பெண் போட்டு, மிதமானது என்று வகைப்படுத்தியது. அவர்கள் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பதிவேட்டில் ஒரு குழுவை உண்டாக்க வேண்டுமென்றால், அந்த அளவுக்கு உரிமை ஏற்கெனவே திருடனிடம் இருக்க வேண்டும். அவ்வளவு தூரம் உள்ளே வந்தவனை இந்தக் கடைசிக் கதவு தடுத்து என்ன ஆகப்போகிறது?

மைக்ரோசாஃப்ட் விவரித்த ஒரு சம்பவம் இதற்குப் பதில் சொல்கிறது. வட அமெரிக்காவில் ஒரு பொறியியல் நிறுவனம். முதலில் குவாக்பாட் என்ற தீநிரல் ஒரு கணினியில் தொற்றுகிறது. விண்டோஸின் வேறொரு ஓட்டையால் அந்தக் கணினியில் உரிமையை உயர்த்திக்கொள்கிறார்கள். இரண்டு டொமைன் நிர்வாகிகளின் கடவுச்சான்றுகளைத் திருடுகிறார்கள். அதன்பிறகுதான் 'ஈஎஸ்எக்ஸ் அட்மின்ஸ்' குழுவை உண்டாக்குகிறார்கள். முடிவில் பிளாக் பாஸ்டா ரான்சம்வேர் ஹைப்பர்வைசரின் கோப்புகளைப் பூட்ட, அதன்மேல் ஓடிய கணினிகள் நின்றுபோயின. இந்த வரிசையில் கடைசிப் படிக்கு முந்தைய படி எது என்று பாருங்கள். அதுவரை திருடன் கையில் இருந்தது பதிவேடு. யார் யார் எந்தக் குழு என்று எழுதும் உரிமை. அந்த உரிமையே இயந்திரங்களின்மேல் ஆட்சியாக மாறியது ஒரு பெயரின் வழியாகத்தான். பதிவேடு எழுதுகிறவரும் சாவி வைத்திருப்பவரும் வெவ்வேறாக இருக்க வேண்டும் என்பதைத் திருவரங்கத்தில் கொத்து பிரித்தவருக்கு விளக்க வேண்டியிருக்காது.

அந்தச் சௌகரியத்தைச் செய்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் நினைக்கவில்லை. அமைப்பது சுலபமாக இருக்க வேண்டும், நிர்வாகி நாலு படி கூடுதலாகத் தாண்டக்கூடாது என்று நினைத்திருப்பார்கள். எனக்கும் அந்தச் சோம்பல் பிடிக்கும். ஆனால் அதிகாரத்தைக் கொடுப்பது ஒருவர் செய்யும் செயலாக இருக்க வேண்டும். யார் கொடுத்தார், யாருக்கு, என்றுவரை என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். இங்கே அதிகாரத்தைக் கொடுத்தவர் என்று கைகாட்ட அந்த அலுவலகத்தில் ஒருவரும் இல்லை. நிர்வாகி சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். அருள் அப்படி வரலாம், கேட்காமலே, கொடுத்தது யாரென்று தெரியாமலே. ஆட்சி அப்படி வந்தால் அதைக் கொள்ளை என்றுதான் சொல்ல வேண்டும்.

திருத்தம் வந்த 8.0 யு3 பதிப்பில் இரண்டு மாற்றங்கள் கவனிக்கத்தக்கவை. தானாக அதிகாரம் சேர்க்கும் அமைப்பை அணைத்துவைத்தார்கள். 'ஈஎஸ்எக்ஸ் அட்மின்ஸ்' என்று இருந்த இடத்தை வெறுமையாக விட்டார்கள். இனி ஒருவர் உட்கார்ந்து, இன்ன குழுவுக்கு என்று எழுதினால்தான் உண்டு. 7.0 பதிப்புக்குத் திருத்தம் கிடையாது. அதை வைத்திருப்பவர்கள் இந்த அமைப்புகளைக் கையால் மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய ஹைப்பர்வைசர்கள் எங்களிடமும் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து அந்தப் பெயரை எடுத்தோம்.

அந்த வேலையோடு நான் இன்னொன்றையும் தொடங்கினேன். நிரந்தர நிர்வாகிகள் பட்டியலில் என் பெயர் பல வருடங்களாக இருக்கிறது. அதை எடுத்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஹைப்பர்வைசருக்குள் போக வேண்டியிருந்தால் காரணம் சொல்லிக் கேட்பேன். இன்னொருவர் பார்த்து ஒப்புதல் கொடுப்பார். குறித்த நேரம் முடிந்ததும் உரிமை தானாகப் போய்விடும். டீமில் முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. "ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்தா யாருண்ணே அப்ரூவ் பண்ணுவாங்க?" என்று கேட்டார் நாசரேத்துக்காரர். நியாயமான கேள்வி. மாற்றி மாற்றி முறை வைத்து விழித்திருக்கும் இரண்டு பேரின் பட்டியல் போட்டிருக்கிறோம். முதல் வாரத்தில் அவர் பெயரும் இருக்கிறது. அவர் கேட்கும்போது நானும், நான் கேட்கும்போது அவரும், எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் திறப்போம்.